மடிப்பு மேஜையின் அடிப்பக்கம்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், உலகில் இதுவரை தோன்றிய நகரங்களில் ஓர் அங்குலம்கூடக் குறையாத ஒரே நகரம் எங்கள் நகரம்தான். இதை நாங்கள் சொல்லவில்லை. நூற்றாண்டு விழாக் குழு சொன்னது. குழுவில் இருந்தவர்கள் நாங்கள்தான் என்பது வேறு விஷயம்.

இந்த அறிவிப்பைத் துணியில் அச்சடித்து நாற்பத்து மூன்று மில் வாசல்களிலும் தொங்கவிட்டோம். ஒவ்வொரு துணியும் மூன்று கஜம். அச்சுக்கட்டை வெளியூரில் மூன்று கஜத்துக்குக் கணக்குப் போட்டுச் செய்தது. எங்கே இடித்ததோ தெரியவில்லை, கடைசி எழுத்து மட்டும் துணிக்கு வெளியே போய்விட்டது. “வெளியூர்க்காரன் வேலை அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி ஏணியை எடுத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போய்விட்டோம்.

நகரத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூத்த முதலாளி என்று நாங்கள் அழைக்கும் மனிதர் நூறு வருடங்களுக்கு முன் ஆறு தறிகளோடு ஆற்றங்கரையில் வந்து இறங்கினார். அப்போது இங்கே இருந்தவை ஆறும் கொசுவும்தான். இப்போது கொசு இருக்கிறது. ஆறு தறி அறுபது தறி ஆனதும், ஒரு மதியம் சாப்பாட்டில் யாருக்கு முதலில் பரிமாறினார்கள் என்பதில் அவருக்கும் தம்பிக்கும் மனக்கசப்பு வந்தது. தம்பி எதிர்க்கரையில் இரண்டாவது மில்லைக் கட்டினார். தம்பியோடு மச்சானுக்கு ஆகவில்லை, மூன்றாவது மில். மச்சானுடைய மூத்த மாப்பிள்ளைக்கு முன்வரிசையில் நாற்காலி போடவில்லை; நான்காவது, ஐந்தாவது. வரலாற்றுப் புத்தகத்தில் ‘தொழில் வளர்ச்சி’ என்ற தலைப்பில் எண்பது பக்கம் இருக்கிறது. குடும்பத்தில் யாராவது இரண்டு பேர் ஒற்றுமையாக இருந்திருந்தால் எங்களுக்கு இன்றைக்கும் ஒரே ஒரு மில்தான்.

மில்லைச் சுற்றித் தெருக்கள் முளைத்தன. நூலுக்குக் கஞ்சி போடுகிறவர்கள் இருந்த இடம் கஞ்சித் தெரு ஆனது. சாயத் தண்ணீர் தேங்கிய இடம் சாயப் பள்ளம் ஆனது. அங்கே மனை வாங்கியவர்கள் பிறகு அதற்குப் ‘பூங்கா நகர்’ என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள், பள்ளத்தை மாற்றவில்லை. மூன்று ஷிப்டுக்கு மூன்று சங்கு ஊதியது. பெண் பார்க்க வருகிறவர்கள் பையனின் குணத்தை விசாரிக்க மாட்டார்கள். எந்த ஷிப்டு என்று கேட்பார்கள். பஞ்சுத் தூசியில் எங்களுக்கு வரும் இருமலை வைத்தே யார் நூற்புப் பிரிவு, யார் நெசவுப் பிரிவு என்று சொல்லிவிடலாம்.

இத்தனை மில்லுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று. கஜம். முதல் மில்லின் மடிப்பறையில் ஒரு தேக்கு மேஜை உண்டு. அதன் அகலம் சரியாக ஒரு கஜம். இரண்டு ஓரத்திலும் பித்தளைப் பட்டை. துணியை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை இழுத்து மடித்தால் ஒரு மடிப்பு, ஒரு கஜம். சண்டை போட்டுக்கொண்டு வெளியே போன ஒவ்வொருவரும் சொத்தில் பங்கு கேட்டார்களோ இல்லையோ, அந்த மேஜையில் வைத்து ஒரு மரக்கோலை வெட்டி எடுத்துக்கொண்டுதான் போனார்கள். அந்தக் கோலிலிருந்து அடுத்த கோல். அதிலிருந்து தச்சர்கள், கொத்தர்கள், கட்டில் கடைக்காரர்கள். எங்கள் ஊரில் எந்த வீட்டில் எந்த ஜன்னலை அளந்தாலும் கடைசியில் அது அந்த மேஜையில்தான் போய் முடியும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அடிக்கோல் மட்டும் வெளியூரிலிருந்து வந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு அளவைக் கணக்கு வராது என்று ஆசிரியர்கள் வெகுகாலமாக வருத்தப்பட்டு வந்தார்கள்.

எங்கள் துணி அளவில் குறைவதாக வெளியூர் வியாபாரிகள் அவ்வப்போது கடிதம் போடுவார்கள். மில் ஆபீஸில் அவற்றுக்கென்றே ஒரு கோப்பு இருந்தது. மேலே ‘பொறாமை’ என்று எழுதியிருந்தது.

அந்த மேஜைக்கு முப்பத்தெட்டு வருடமாகப் பொறுப்பாக இருந்தவர் மடிப்பு மேஸ்திரி. ஊர் அவரை ‘அங்குலம்’ என்று கூப்பிட்டது. எதிலும் ஓர் அங்குலம் விட்டுக் கொடுக்க மாட்டார். பேருந்தில் பக்கத்து ஆள் முழங்கையை நீட்டினால், இருக்கையின் நடுவில் விரலால் கோடு போட்டுக் காட்டுவார். மடிப்பறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பீஸ் துணி மடித்து முடிந்து, கடைசி மடிப்பும் ஓரத்தோடு ஒட்டி நின்றால், மேஸ்திரி உரக்க “முழுசு” என்று சொல்ல வேண்டும். அவர் சொன்னால்தான் முத்திரை விழும். தறிச் சத்தத்தையும் தாண்டி அந்தக் குரல் கேட்கும். முப்பத்தெட்டு வருடத்தில் அந்தச் சொல்லை அவர் பொய்யாக ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. தினமும் சாப்பிட உட்காரும்போது, ஓர் அங்குலம் குறைத்ததில்லை என்று வீட்டிலும் ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் தட்டில் கை வைப்பார்.

கேட்டுக்கொள்கிறவர் அவருடைய மனைவி. வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டு வைத்திருந்தார். “சரிங்க, குழம்பு ஆறுது” என்பது அவருடைய வழக்கமான பதில்.

விழா நாளும் மேஸ்திரி ஓய்வு பெறும் நாளும் ஒன்றாக அமைந்தன. விழாக் குழுத் தலைவர் சின்ன முதலாளி. மூத்த முதலாளியின் பேரன், வயது எழுபத்தொன்று. அவருக்கு ஒரு யோசனை உதித்தது. மேஜையை விழா மேடைக்குக் கொண்டுவருவது. தலைநகரிலிருந்து அளவைத் துறை அதிகாரியை வரவழைப்பது. அதிகாரி அரசாங்க இரும்புக் கோலை மேஜைமேல் வைப்பார். மேஸ்திரி பக்கத்தில் நின்று “முழுசு” என்பார். அதிகாரி சான்றிதழில் கையெழுத்துப் போடுவார். பிறகு சாப்பாடு. இந்த யோசனையைக் குழு எழுந்து நின்று கைதட்டி ஏற்றுக்கொண்டது. அதிகாரியைக் கூப்பிடச் சொல்லி யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

விழாவுக்கு முதல் நாள் காலை, மேஜையை வெளியே எடுக்க மேஸ்திரி தன் மாப்பிள்ளையை உதவிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மாப்பிள்ளை வெளியூர், லிப்டு மெக்கானிக். மாமனாருக்கும் அவருக்கும் ஆறு வருடமாக ஒரு சின்ன உரசல். கல்யாணமான புதிதில் அவர் தன் ஊரிலிருந்து ஒரு மெத்தை வாங்கி வந்தார். ஆறடிக் கட்டிலுக்கு ஆறடி மெத்தை. கட்டிலில் போட்டால் இரண்டு அங்குலம் வெளியே தொங்கியது. “உங்க ஊர்ல ஆறடின்னா என்னன்னே தெரியாது போல” என்று மாமனார் சொன்னதை மாப்பிள்ளை மறக்கவில்லை. ஆறு வருடமாக அந்த மெத்தையில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டே தூங்கியவர் எப்படி மறப்பார்.

மேஜை, கதவுவரை ஒழுங்காக வந்தது. கதவில் சிக்கிக்கொண்டது. நூறு வருடப் பெயிண்ட் சட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வழியை ஒடுக்கியிருந்தது.

“உள்ள வந்தது வெளிய போகாதா” என்றார் மேஸ்திரி. “நேரா பிடிங்க மாப்பிள்ளை. இது அளவு மேஜை, சாயக் கூடாது.”

“மாமா, இந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் பிடிங்க. முதல்ல மேல் பலகை போகட்டும், கால் பின்னால வரும்.”

“சாய்க்கக் கூடாதுன்னு சொல்றேன்.”

“ஆளே புரண்டுதான் படுக்கறான். மேஜைக்கு என்ன வந்துச்சு.”

சாய்த்தார்கள். அரை நிமிடத்தில் மேஜை தாழ்வாரத்துக்கு வந்துவிட்டது. அது ஒருக்களித்துக் கிடந்தபோதுதான், நூறு வருடத்தில் முதல் தடவையாக அதன் அடிப்பக்கத்தில் வெளிச்சம் பட்டது. பலகையில் தச்சர் பென்சிலால் நான்கு வரி எழுதியிருந்தது. எழுத்து கொஞ்சமும் அழியவில்லை. மாப்பிள்ளை குனிந்து உரக்கப் படித்தார்.

“மேஜை கதவில் நுழையவில்லை. இரு ஓரத்திலும் அரை அரை அங்குலம் இழைத்துவிட்டேன். முதலாளியிடம் சொன்னேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்.”



“சாய்ச்சுக் கொண்டு போயிருக்கலாமே” என்றார் மாப்பிள்ளை.

மேஸ்திரி மேஜையை நிமிர்த்தச் சொன்னார். சுவரில் தொங்கிய மில் அளவுகோலை எடுத்து மேஜைமேல் வைத்தார். இம்மி பிசகாமல் பொருந்தியது. முகம் தெளிந்தது.

“பாத்தீங்களா, சரியா இருக்கு.”

“இந்தக் கோலை எதுல வெச்சு வெட்டினாங்க மாமா?”

“இந்த மேஜையிலதான்.”

மாப்பிள்ளை இடுப்பிலிருந்து ஸ்டீல் டேப்பை எடுத்து இழுத்தார். முப்பத்தைந்து அங்குலம். திரும்பவும் இழுத்தார். முப்பத்தைந்து. ஒரு கஜத்துக்கு முப்பத்தாறு அங்குலம் என்பது மெஷின் வருவதற்கு முன்பே உலகத்தில் முடிவாகிவிட்ட விஷயம்.

“உங்க டேப்பு வெளியூர் டேப்பு” என்றார் மேஸ்திரி.

“ஆமா. என் மெத்தையும் வெளியூர் மெத்தைதான்.” ஆறு வருடம் காத்திருந்து கிடைத்த சந்தர்ப்பம். ஆனால் மாமனாரின் முகத்தைப் பார்த்ததும் மாப்பிள்ளை டேப்பை மெதுவாக உள்ளே விட்டுக்கொண்டார்.

மேஸ்திரிக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. நேராக வீட்டுக்கு வந்தார். மனைவி யாருக்கோ கைக்கு அளவெடுத்துக் குறித்துக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் போகும்வரை மேஸ்திரி நின்றுகொண்டே இருந்தார். வேலை நேரத்தில் அவர் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

“ஏம்மா, உன் டேப்பைக் கொஞ்சம் குடு.”

“எந்த டேப்பு?”

“எத்தனை வெச்சிருக்கே?”

“ரெண்டு.” மனைவி மெஷின் டிராயரைத் திறந்தார். “இது ஆளுங்களை அளக்க. இது நம்ம ஊர் துணியை அளக்க. இதுல ஒவ்வொரு கஜத்துக்கும் ஒரு இன்ச் வெட்டித் தெச்சு வெச்சிருக்கேன்.”

மேஸ்திரி உட்கார்ந்துவிட்டார்.

“உனக்குத் தெரியுமா?”

“மூணு கஜம் வாங்கிட்டு வர்றவங்களுக்கு மூணு கஜத்துல தெச்சா கை முழங்கையோட நிக்குது. ரெண்டு தடவை நின்னா தெரியாதா? அதனாலதான் மூணேகால் வாங்கிட்டு வாங்கன்னு சொல்லிடறது.”

“எத்தனை வருஷமா?”

“கல்யாணத்துக்கு ரெண்டாம் வருஷத்துலேருந்து.”

“வேற யாருக்குத் தெரியும்?”

“தைக்கறவங்க எல்லாருக்கும் தெரியும். தைக்கக் குடுக்கறவங்களுக்கும் தெரியும். திரைச்சீலை போடறவங்களுக்குத் தெரியும். குழந்தைக்குச் சட்டை தெச்ச எல்லா வீட்டுலயும் தெரியும்.” கொஞ்சம் யோசித்தார். “மடிக்கறவங்களுக்குத்தான் தெரியாதுன்னு நினைக்கிறேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க கேக்கலை. தினமும் சாப்பிட உக்காரும்போது ஒரு அங்குலம் குறைச்சதில்லைன்னு சொல்லுவீங்க. சொல்லிட்டு நல்லா சாப்பிடுவீங்க. அதை ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன்.”

அன்று மதியம் மேஸ்திரி தட்டின் முன் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளைதான் ஆறுதல் சொல்ல நினைத்து ஒரு கணக்கைப் போட்டார். நாளுக்கு இரண்டாயிரம் மடிப்பு, வருடத்துக்கு முந்நூறு நாள், முப்பத்தெட்டு வருடம்.

“முந்நூத்தி அறுபது மைல் வருது மாமா. குறைஞ்ச துணி மட்டும்.”

“மாப்பிள்ளை” என்றார் மாமியார், “இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுக்கோங்க. பேச்சு குறையும்.”

“நான் வேணும்னு செய்யலைல்ல?” என்றார் மேஸ்திரி, யாரையும் பார்க்காமல்.

“வேணும்னு செய்யலை.”

“நாளைக்கு அந்த மேடையில நின்னு முழுசுன்னு சொன்னா?”

மனைவி தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். “அது வேணும்னு செஞ்சதா ஆயிடும்.”

சாயங்காலம் மேஸ்திரி சின்ன முதலாளியைப் பார்க்கப் போனார். அங்கே வரலாற்றுப் புத்தகம் எழுதும் வாத்தியாரும் இருந்தார். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். இதற்கு முன் எதையும் எழுதியதில்லை என்பதால் அவர்மேல் ஊரில் யாருக்கும் வருத்தம் இல்லை, அதனால் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். மேஸ்திரி, பென்சில் எழுத்தையும் முப்பத்தைந்து அங்குலத்தையும் சொல்லி முடித்தார்.

சின்ன முதலாளி வெகு நேரம் கூரையைப் பார்த்தார். “மேஸ்திரி, நூறு வருஷத்துல யாராவது புகார் சொல்லியிருக்காங்களா?”

“பொறாமைக் கோப்புல நானூறு கடுதாசி இருக்குங்கய்யா” என்றார் வாத்தியார்.

“அது பொறாமை. புகாரைக் கேட்டேன்.”

“அதிகாரியை வர வேண்டாம்னு சொல்லிடலாங்களா?” என்று மேஸ்திரி கேட்டார்.

“கிளம்பிட்டாரு. சாப்பாட்டுக்கு என்னன்னு கேட்டுத் தந்தி குடுத்திருக்காரு. அவரோட கோல்ல ஒரு இன்ச்சை ராவி எடுத்துட்டா?”

“அரசாங்கக் கோலுங்கய்யா” என்றார் வாத்தியார்.

“அரசாங்கத்துக்கு ஒரு இன்ச் போனா தெரியவா போகுது. சரி, வேண்டாம். மேஜைமேல வெல்வெட்டைப் போட்டுடுங்க, ரெண்டு பக்கமும் மடிச்சுத் தொங்கட்டும். ஓரம் எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாது. அவர் கோலை வெப்பாரு. நீ பக்கத்துல நின்னு உன் பெரிய குரல்ல முழுசுன்னு சொல்லு. கைதட்டல்ல எல்லாம் சரியாயிடும்.”

“எனக்குத் தெரிஞ்சுபோச்சே ஐயா.”

“தெரிஞ்சா என்ன? நேத்துவரைக்கும் சொன்ன அதே வார்த்தைதானே. ஒரு தடவை சொல்லிட்டு நாளைக்கே ரிட்டயர் ஆகப் போறே. அப்புறம் பாத்துக்கலாம்.”

வாத்தியார் அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் ஏதோ ஞாபகம் வந்தவர்போலத் தன் நோட்டைப் புரட்டினார். பிறகு மூடி வைத்துவிட்டார்.

மறுநாள் விழா மைதானம் நிரம்பி வழிந்தது. முன்னால் மில் முதலாளிகள் நாற்பத்து மூன்று பேரும், ஒருவருக்கொருவர் பேசாதவர்கள் பக்கத்தில் வராதபடி, வாத்தியார் இரண்டு நாள் யோசித்துப் போட்ட வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் மேஜை, கருஞ்சிவப்பு வெல்வெட் போர்த்தி, யாரோ படுத்திருப்பதுபோல் இருந்தது. சின்ன முதலாளி ஒரு மணி நேரம் பேசினார். ஆறு தறியில் ஆரம்பித்து, ஆற்றின் நிறம் வாரத்துக்கு ஏழு தடவை மாறுவது செல்வத்தின் அடையாளம் என்று விளக்கி, “என் பாட்டனார் இந்த மேஜையை இழைத்தபோதே” என்று சொல்லிவிட்டு, வாத்தியார் இருமியதால், “இந்த நகரத்தை இழைத்தபோதே” என்று திருத்திக்கொண்டார்.

அதிகாரி ஒல்லியான மனிதர். வெயிலில் வெகுதூரம் வந்தவர். சாப்பாட்டுப் பந்தல் எந்தப் பக்கம் என்பதை வந்ததுமே பார்த்து வைத்திருந்தார். தோல் உறையிலிருந்து இரும்புக் கோலை உருவி வெல்வெட்மேல் வைத்தார். வைத்ததும் அவருக்கு ஏதோ உறுத்தியது. நாற்பது வருடம் அளந்த கை. வெல்வெட்டை விரலால் தடவி ஓரத்தைத் தேடினார். சின்ன முதலாளி மேஸ்திரியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். மைக்கை வாத்தியார் மேஸ்திரியின் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

மைதானத்தில் எல்லோருக்கும் தெரிந்த குரல் அது. அந்தக் குரலுக்காகக் கூட்டம் காத்திருந்தது.

மேஸ்திரி ஒரு கையால் கோலைத் தூக்கிக்கொண்டு, மறு கையால் வெல்வெட்டை இழுத்துக் கீழே போட்டுவிட்டு, கோலை ஒரு ஓரத்தோடு ஒட்டித் திரும்ப வைத்தார். இரும்புக் கோல் பித்தளைப் பட்டையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“ஒரு அங்குலம் குறை” என்றார், தறிச் சத்தத்தைத் தாண்டும் அதே குரலில்.

நாற்பத்து மூன்று முதலாளிகளும், நூறு வருடத்தில் முதல் தடவையாக, ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். பெண்கள் பக்கத்தில் யாரோ பக்கத்து ஆளிடம் கேட்டது மைதானம் முழுக்கக் கேட்டது.

“என்னவாம்?”

“துணி குறையுதாம்.”

“ஓ, அதுவா. சாப்பாடு எப்பவாம்?”

தையல்காரர்கள் உட்கார்ந்திருந்த மூலையில் சிரிப்பு எழுந்து, அப்படியே கைதட்டலாக மாறியது. மேஸ்திரியின் மனைவி தட்டவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை மட்டும் எழுந்து நின்று தட்டினார். ஆறு வருட மெத்தைக்கும் சேர்த்து.

ஒரு பெரிய மனிதனை எதுவும் ரொம்ப நேரம் கீழே தள்ளி வைக்க முடியாது. சின்ன முதலாளி மைக்கைப் பிடுங்கினார்.

“கேட்டீர்களா” என்றார். “எந்த ஊரில், எந்த மேடையில், தன் குறையைத் தானே சொல்லும் நகரம் உண்டு? என் பாட்டனார் இந்தக் குறையை மறைக்கவில்லை. வருங்காலத் தலைமுறை படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று மேஜையின் அடிப்பக்கத்தில் எழுதியே வைத்தார்.”

“தச்சர் எழுதினது” என்று மேஸ்திரி சொன்னது மைக்கில் விழவில்லை.

“இன்றுமுதல், இந்த நிமிடம்முதல், நம் நகரத்தில் நெய்யும் ஒரு கஜம்கூட முப்பத்தாறு அங்குலத்தில் ஒரு நூல் குறையாது. அளவில் குறையாத நகரமாக இருந்தோம். இனி உண்மையில் குறையாத நகரமாக இருப்போம். நாற்பத்து மூன்று மில்லும் கோலை மாற்றும். முழு அளவில் மடித்த முதல் துணி, உண்மையைச் சொன்ன நம் மேஸ்திரிக்கே. பத்து கஜம்.”

கூட்டம் எழுந்து நின்றது. வாத்தியார், இதையெல்லாம் கடைசி அத்தியாயமாகச் சேர்க்க நோட்டில் வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். காலையிலிருந்தே மேடை ஓரத்தில் காகிதம் சுற்றி ரிப்பன் கட்டித் தயாராக இருந்த பொட்டலத்தைச் சின்ன முதலாளி எடுத்து, மேஸ்திரியின் இரண்டு கையிலும் வைத்து, போட்டோவுக்குக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொண்டார். அதிகாரி, ‘மேஜை உபயோகத்துக்குத் தகுதியற்றது, காட்சிக்கு வைக்கலாம்’ என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, கோலை உறையில் போட்டுக்கொண்டு பந்தலுக்குப் போனார். அந்தத் தாளைச் சட்டம் போட்டு மேஜைக்கு மேலே மாட்டியிருக்கிறோம். ‘தகுதி’ என்ற வார்த்தை மட்டும் தெரிகிற மாதிரி சட்டத்தின் அகலம் அமைந்துவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆட்கள் மேஸ்திரியை நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் அதுவரை கூப்பிட்டு வந்த பெயரைச் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, “மேஸ்திரி” என்றார்கள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். முப்பத்தெட்டு வருடத்தில் இல்லாத நடை அன்று அவருக்கு வந்திருந்தது. தோளில் இருந்த மூட்டை எதையோ இறக்கி வைத்துவிட்டு வருகிறவர் மாதிரி.

வீட்டில் பொட்டலத்தைப் பிரித்து மெஷின்மேல் வைத்தார். நல்ல வெள்ளைத் துணி, மடிப்பு கலையாமல்.

“எனக்கு ரெண்டு சட்டை, மாப்பிள்ளைக்கு ரெண்டு சட்டை” என்றார். “மீதியில தலையணை உறை. முழு பத்து கஜம் இருக்கறப்போ தாராளமா வரும்ல?”

மனைவி டிராயரைத் திறந்தார். இரண்டு டேப்பையும் வெளியே எடுத்து வைத்து, இரண்டையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, ஆட்களை அளக்கும் டேப்பை எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளை ஒரு முனையைப் பிடித்தார். துணி முன்னறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போய்த் திரும்பி வந்தது. கடைசி முனை வந்ததும் மனைவி டேப்பில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

மேஸ்திரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எவ்வளவும்மா?”

“முப்பது வருஷத்துல இப்பதான் கேக்கறீங்க” என்றார் மனைவி.

துணி ஒன்பது கஜமும் இருபத்தாறு அங்குலமும் இருந்தது.